வீட்டிலிருந்தே பகுப்பாய்வாளர் வேலை: பயிற்சி மையமா, தனிப்படிப்பா, பனியன் கம்பெனியா?

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபெயராமல் வீட்டிலிருந்தபடியே தரவுப் பகுப்பாய்வாளராக வேலை செய்ய விரும்பும் இளைஞர்களும், குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்டுவிட்டு இப்போது திரும்ப நினைக்கும் பெண்களும் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. கோவையில் ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிச் சேரலாமா, இணையத்தில் கிடைப்பதைக் கொண்டு தாமே படித்துக்கொள்ளலாமா, அல்லது உள்ளூரில் ஒரு கம்பெனியில் கணக்கு, எம்.ஐ.எஸ். (நிர்வாகத்துக்கு அறிக்கை தயாரிப்பது) போன்ற வேலையில் சேர்ந்து கொஞ்சம் அனுபவம் பெற்றபின் விண்ணப்பிக்கலாமா என்பதே அந்தக் கேள்வி. இத்தகைய வேலையைச் செய்பவன் என்ற முறையிலும், ஆளெடுக்கும் காலங்களில் விண்ணப்பதாரர்களின் விடைகளைப் படித்து மதிப்பிடும் பொறுப்பு அவ்வப்போது என்னிடம் வருகிறது என்ற முறையிலும், இந்த மூன்று வழிகளையும் ஒப்பிட்டு எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: பெரும்பாலானவர்களுக்குத் தனிப்படிப்பும், பக்கத்தில் இருக்கும் ஒரு தொழிலின் உண்மையான கணக்கும் சேர்ந்த வழிதான் ஸ்கிரீனிங் எனப்படும், விண்ணப்பதாரர்களை வடிகட்டும் கட்டங்களைத் தாண்ட உதவுகிறது. பயிற்சி மையம் சிலருக்கு மட்டுமே தேவை.

வழிகளை ஒப்பிடுவதற்குமுன், ஸ்கிரீனிங் எதைச் சோதிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொலைவிலிருந்து ஆளெடுக்கும் நிறுவனம் உங்களை நேரில் பார்ப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளப் பார்க்கிறது. முதலில் பயோடேட்டா. அதில் குறிப்பிட்ட திறன்களும் ஒரு திட்டப்பணியாவது செய்ததற்கான சான்றும் இருக்கின்றனவா என்று மென்பொருளோ மனிதரோ பார்ப்பார்கள். அடுத்து ஆள்சேர்ப்பு அலுவலர் தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேசுவார். வேலை நேரம், சம்பள எதிர்பார்ப்பு, சொன்னதைப் புரியும்படி பேசுகிறீர்களா என்பன அங்கே முடிவாகும். அதன்பின் கடிகாரம் ஓடும் இணையத் தேர்வு. தரவுத்தளத்திலிருந்து வேண்டியதைக் கேட்டுப் பெறும் எஸ்.கியூ.எல். மொழி, எக்செல், எண்சார் காரண அறிவு ஆகியவையே அதில் அதிகம் வரும். அதையும் தாண்டினால், திரையில் தோன்றும் கேள்விக்குக் கேமராவைப் பார்த்து நீங்கள் மட்டும் பேசிப் பதிவு செய்யும் ஒருவழிக் காணொளி நேர்காணலோ, வீட்டிலேயே வைத்துச் செய்து அனுப்பும்படி ஒரு தரவுக் கோப்போ வரும். நேரடி உரையாடல் கடைசியில்தான்.

இந்தக் கட்டங்களில் அதிகம் பேர் விழுவது தேர்வில் கட்டளை எழுதத் தெரியாததால்தான் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்த அளவில், எஸ்.கியூ.எல். கட்டளையைப் பிழையின்றி எழுதிவிட்டு, வந்த விடை பொருத்தமானதா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்காமல் விட்டதால் விழுந்தவர்களே அதிகம். எழுதத் தெரிவது வேறு, வந்த எண்ணைச் சந்தேகிக்கத் தெரிவது வேறு. மூன்று வழிகளையும் நான் மதிப்பிடும் அளவுகோல் இதுவே: அந்த வழி உங்களுக்கு எண்ணைச் சந்தேகிக்கக் கற்றுத்தருகிறதா?

பயிற்சி மையத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் வீட்டில் பெரியவர்கள் உடனே சம்மதிக்கும் வழி அதுதான். காந்திபுரத்திலும் சரவணம்பட்டியிலும் ஹோப் காலேஜ் பகுதியிலும் தரவு அறிவியல், பவர் பி.ஐ. (தரவை வரைபடங்களாகக் காட்டும் மென்பொருள்), பைத்தான் (நிரல்மொழி) என்று பலகை வைத்திருக்கும் மையங்கள் ஏராளம். அவற்றில் நல்லவை உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. தினமும் குறித்த நேரத்துக்கு எழுந்து போய் உட்கார வேண்டியிருப்பதும், புரியாததைக் கேட்க ஒரு மனிதர் எதிரில் இருப்பதும், கூடப் படிப்பவர்களின் வேகம் நம்மை இழுத்துச் செல்வதும் தனியாகப் படிக்கும்போது கிடைக்காதவை. கணினியை அதிகம் தொட்டே பழகாதவர், வணிகவியலோ கணிதமோ தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலக் காணொளிகளைப் பின்தொடரத் தடுமாறுபவர், வீட்டில் உட்கார்ந்தால் வேலை சொல்லிக்கொண்டே இருப்பார்கள் என்ற நிலையில் இருப்பவர் ஆகியோருக்கு முதல் சில மாதங்கள் மையம் பயன்படும்.

ஆனால் மையத்தின் குறை ஸ்கிரீனிங்கின் முதல் கட்டத்திலேயே வெளிப்பட்டுவிடுகிறது. ஒரே அணியில் படித்த எல்லோருடைய பயோடேட்டாவிலும் ஒரே திட்டப்பணி இருக்கும்: டைட்டானிக் கப்பலில் உயிர்பிழைத்தவர்களைப் பற்றிய காகிள் என்ற தரவுப் போட்டித் தளத்தின் தரவு, அல்லது பவர் பி.ஐ. போன்ற டாப்லோ மென்பொருளோடு மாதிரியாக வரும் சூப்பர்ஸ்டோர் விற்பனைத் தரவு. இவை கற்றுக்கொள்வதற்கு நல்ல தரவுகள்தாம். ஆனால் இவற்றை உலகம் முழுவதும் இலட்சக்கணக்கானோர் செய்து முடித்திருப்பதால், மதிப்பிடுபவர் அந்தத் தலைப்பைப் பார்த்தவுடன் அடுத்த பயோடேட்டாவுக்குப் போய்விடுகிறார். மேலும், அவை ஏற்கெனவே பலரால் சரிபார்க்கப்பட்ட தரவுகள். எதில் எந்த இடம் காலி, என்ன செய்தால் சரியாகும் என்ற குறிப்பு முழுவதும் இணையத்தில் கிடைக்கிறது. எண்ணைச் சந்தேகிக்க வேண்டிய அவசியமே அங்கே எழுவதில்லை.

மையத்தில் சேர்வதென்று முடிவு செய்தால், கட்டணத்தைப் பேசும்போதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கடைசியாக முடித்த அணியில் எத்தனை பேர் எந்தப் பதவியில் எந்த ஊரில் சேர்ந்தார்கள், அவர்களில் இருவரோடு பேச முடியுமா என்பது முதல் கேள்வி. சொந்தமாக எடுத்து வரும் தரவில் திட்டப்பணி செய்ய அனுமதி உண்டா, அதை யார் திருத்துவார் என்பது இரண்டாவது. வேலை உத்தரவாதம் என்று சொன்னால், எந்தச் சம்பளத்தில், எவ்வளவு காலத்துக்குள், கிடைக்காவிட்டால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்பதை எழுத்தில் தருவார்களா என்பது மூன்றாவது. எழுத்தில் தர மறுக்கும் உத்தரவாதத்தைக் கணக்கில் சேர்க்காமல் முடிவெடுங்கள். கோபியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ வருபவருக்குக் கட்டணத்தோடு விடுதிச் செலவும் சேரும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தனிப்படிப்பின் பெரிய நன்மை அதன் செலவு அனேகமாகச் சுழியம் என்பது. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் செலுத்தி, மையத்துக்கு நேரில் போய்த் தேர்வெழுத வேண்டும். நேரடித் தேர்வு என்பதாலேயே அந்தச் சான்றிதழுக்கு, வீட்டிலிருந்து பொத்தானை அழுத்திப் பெறும் சான்றிதழ்களைவிட மதிப்பு அதிகம் என்று நான் கருதுகிறேன். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பை, கல்லூரியில் வேறு பட்டம் படித்துக்கொண்டே தொடர முடியும்; ஜே.இ.இ. தேவையில்லை, ஆனால் தகுதிச் சுற்றில் தேற வேண்டும், தேர்வுகளை நேரில் எழுத வேண்டும். நீண்ட காலம் எடுக்கும் வழி அது. மூன்று நான்கு மாதங்களில் வேலைக்கு விண்ணப்பிக்க நினைப்பவருக்குப் பொருந்தாது. தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பாடங்கள் கல்லூரி வழியாகவே வருவதால், இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் அவற்றை விட்டுவிட வேண்டாம்.

மென்பொருளுக்கும் பணம் தேவையில்லை. எஸ்.கியூ.எல்லைப் பழக எஸ்.கியூ.லைட், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் இரண்டும் இலவசம். மை.எஸ்.கியூ.எல். பயன்படுத்துபவர் 8.0 பதிப்போ அதற்குப் பிந்தியதோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஒரு வரியை அதன் அக்கம்பக்கத்து வரிகளோடு சேர்த்துக் கணக்கிட உதவும் ‘விண்டோ ஃபங்ஷன்’ எனப்படும் வசதி அந்தப் பதிப்பில்தான் வந்தது. பழைய 5.7 பதிப்பில் படித்தவர், முந்தைய நாள் விலையோடு இன்றைய விலையை ஒப்பிடு என்பது போன்ற கேள்வி தேர்வில் வரும்போது திகைத்துவிடுவார். அத்தகைய கேள்வி அடிக்கடி வரும். பவர் பி.ஐ. டெஸ்க்டாப் இலவசமாகக் கிடைத்தாலும் விண்டோஸ் கணினியில் மட்டுமே ஓடும், செய்த அறிக்கையை இணையத்தில் ஏற்ற அலுவலக அல்லது கல்லூரி மின்னஞ்சல் முகவரி வேண்டும், ஜிமெயில் போதாது. கல்லூரி மின்னஞ்சல் உயிரோடு இருக்கும்போதே அந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது. அது இல்லாதவர் டாப்லோவின் இலவசப் பதிப்பான டாப்லோ பப்ளிக் பக்கம் போகலாம், ஆனால் அதில் ஏற்றுவது எல்லாம் உலகத்துக்கே தெரியும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பைத்தானைப் பற்றி ஒரு சொல். தொடக்கநிலைப் பகுப்பாய்வாளர் வேலைக்கான ஸ்கிரீனிங்கில் எஸ்.கியூ.எல்லும் எக்செல்லும் தான் முதலில் உங்களை நிறுத்தும். இரண்டிலும் கை பழகாமல் பைத்தானுக்கும் இயந்திரக் கற்றலுக்கும் தாவுகிறவர்களைத் தனிப்படிப்பு மிக எளிதாக உருவாக்கிவிடுகிறது. ஏனெனில் காணொளிகள் அந்தப் பக்கம்தான் இழுக்கின்றன. தனிப்படிப்பின் உண்மையான குறையும் அதுவே. எது முதலில், எது பிறகு என்று சொல்லவும், செய்தது தவறு என்று காட்டவும் ஆளில்லை. பயிற்சித் தளங்களில் கேள்விக்கு விடை சரி, தவறு என்று பச்சையும் சிவப்புமாகக் காட்டிவிடும். வேலையில் அப்படிக் காட்டுவதற்கு எதுவும் இராது.

மூன்றாவது வழியைப் பற்றி விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் நம் பகுதியில் இதைத்தான் பலரும் தாழ்வாக எண்ணுகிறார்கள். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம், கரூரில் வீட்டு உபயோக ஜவுளி நிறுவனம், கோவையில் பம்பு அல்லது வார்ப்படத் தொழிற்சாலை, நாமக்கல்லில் கோழிப்பண்ணையோ லாரி நிறுவனமோ, எங்கே சேர்ந்தாலும் அங்கே டேலியிலும் எக்செல்லிலும் மலைபோலத் தரவு குவிந்திருக்கும். அதைப் பார்த்துக் கேள்வி கேட்கும் ஒரு முதலாளியும் இருப்பார். “போன மாசம் இதே லைன்ல ரிஜெக்ஷன் கம்மியாத்தானுங்க இருந்துச்சு, இப்ப ஏனுங்க இப்படி ஏறிருச்சு?” என்று அவர் கேட்கும்போது, விடை தவறினால் மறுநாள் காலையில் செக்கிங் பகுதி மேற்பார்வையாளரே வந்து உங்களைத் திருத்திவிடுவார். ஸ்கிரீனிங் தேர்வில் எதிர்பார்க்கப்படும் மனப்பழக்கம் இப்படித்தான் உருவாகிறது.

இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தருகிறேன். இவ்விரண்டும் வெவ்வேறு வேடங்களில் ஸ்கிரீனிங் தேர்வுகளில் திரும்பத் திரும்ப வருபவை.

ஒரு தையல் லைனில் 1,000 பீஸ் தைத்து 20 பீஸ் கழிக்கப்பட்டால் கழிவு 2 சதவீதம். இன்னொரு லைனில் 200 பீஸ் தைத்து 20 பீஸ் கழிக்கப்பட்டால் 10 சதவீதம். மொத்தக் கழிவு என்ன என்று கேட்டால், அவசரத்தில் இரண்டு சதவீதங்களையும் கூட்டிப் பாதியாக்கி 6 என்று எழுதுபவர்கள் மிகப் பலர். உண்மையில் 1,200 பீஸில் 40 பீஸ் கழிந்திருக்கிறது, அது 3.3 சதவீதம். பனியன் கம்பெனியில் ஒரு மாதம் இருந்தவருக்கு இது தானாகவே தெரியும், ஏனெனில் பீஸ்களின் எண்ணிக்கை அவர் கண்முன்னால் பெட்டிகளாக அடுக்கப்பட்டிருக்கும். தேர்வில் இதே கணக்கு வலைத்தளத்தில் நுழைந்தவர்களில் எத்தனை பேர் பொருள் வாங்கினார்கள் என்ற வடிவில் வரும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு எஸ்.கியூ.எல். பற்றியது. ஆர்டர்களுக்கு ஓர் அட்டவணை, அனுப்பிய சரக்குகளுக்கு ஓர் அட்டவணை என்று வைத்துக்கொள்வோம். 5,000 பீஸ் கொண்ட ஓர் ஆர்டர் 2,000, 2,000, 1,000 என்று மூன்று ஷிப்மென்டாகப் போயிருக்கிறது. இரண்டு அட்டவணைகளையும் ஆர்டர் எண்ணை வைத்து இணைத்து ஆர்டர் அளவைக் கூட்டினால் 15,000 என்று வரும். ஒரு ஆர்டரின் வரி மூன்று முறை திரும்ப வந்ததே காரணம். கட்டளையில் எழுத்துப்பிழை கிடையாது, கணினியும் எந்தப் பிழைச்செய்தியும் தராது. இணைப்பதற்குமுன் ஷிப்மென்டுகளை ஆர்டர்வாரியாகத் தொகுத்துக்கொள்ள வேண்டும், அல்லது இணைத்தபின் வரிகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் போலவே, இந்த மாதம் சரக்குத் தராத ஜாப் ஒர்க் யூனிட்களையும் (கூலிக்கு வேலை செய்து தருபவை) சேர்த்துப் பட்டியலிடச் சொன்னால், முதல் அட்டவணையின் எல்லா வரிகளையும் இருத்திக்கொண்டு இணைக்கும் ‘லெஃப்ட் ஜாயின்’ எழுதிவிட்டு, மாதத்துக்கான நிபந்தனையை, இணைத்தபின் வரிகளை வடிகட்டும் ‘வேர்’ (WHERE) பகுதியில் வைப்பவர்கள் உண்டு. அந்த நொடியிலேயே, தேட வேண்டிய யூனிட்கள் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். நிபந்தனை, எதை வைத்து இணைப்பது என்று சொல்லும் ‘ஆன்’ (ON) பகுதியில் இருக்க வேண்டும். இந்தக் கேள்வி ஸ்கிரீனிங் தேர்வை வடிவமைப்பவர்களுக்கு மிகப் பிடித்தமானது.

உள்ளூர் வேலையின் குறைகளையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஷிப்மென்ட் நெருங்கும் வாரங்களில் இரவு எட்டு, ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்ப முடியும். படிக்கத் தெம்பு இராது. சம்பளமும் வெளியூர் வேலையோடு ஒப்பிடக்கூடியதாக இராது. எக்செல்லை விட்டு வெளியே போகாமலேயே வருடங்கள் ஓடிவிடும் ஆபத்து இருக்கிறது. ஆகவே கம்பெனியின் கேள்விகளுக்கு எக்செல்லில் விடை தந்தபின், அதே கேள்வியை வீட்டில் வந்து கற்பனையான எண்களைக் கொண்டு எஸ்.கியூ.எல்லில் ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்ல பழக்கம். கற்பனையான எண்கள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கம்பெனியின் கோப்பைப் பென்டிரைவில் எடுத்து வருவதோ, வாங்குபவரின் பெயரும் விலையும் தெரியும்படி திட்டப்பணியாக ஏற்றுவதோ நம்பிக்கைத் துரோகம்; அதைப் பார்க்கும் வெளிநாட்டு நிறுவனமும், நாளை எங்கள் தரவையும் இவர் இப்படித்தான் கையாள்வார் என்று முடிவு கட்டி உங்களை நீக்கிவிடும்.

உள்ளூரில் வேலை கிடைக்காதவரோ, வீட்டுச் சூழலால் வெளியே போக முடியாதவரோ என்ன செய்யலாம்? அவர்களுக்காக நான் பரிந்துரைப்பது பொதுவெளியில் இருக்கும் நம் ஊர்ச் சந்தைத் தரவு. மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களின் அன்றாட வரத்தும், குவிண்டாலுக்கான குறைந்த விலை, அதிக விலை, பெருமளவு சரக்கு கைமாறிய விலை ஆகியவையும் வெளியாகின்றன. ஈரோட்டு மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பயிரின் விலையைப் பற்றி ஒரு கேள்வியை நீங்களே எழுப்பிக்கொண்டு விடை தேடத் தொடங்கினால், முதல் நாளிலேயே சிக்கல்கள் வரிசையாக வந்து நிற்கும். விரலியும் கிழங்கும் தனித்தனி விலையில் விற்பவை. இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால், கிழங்கு அதிகம் வந்த நாளில் மஞ்சள் விலை சரிந்துவிட்டது போல ஒரு பொய்த் தோற்றம் உண்டாகும். விடுமுறை நாட்களில் விலை காலியாக இருக்கும். அதைச் சுழியம் என்று நிரப்பினால் மாதச் சராசரி கீழே விழுந்துவிடும். வரத்து மிகக் குறைந்த நாளின் விலைக்கும், பல ஆயிரம் மூட்டைகள் குவிந்த நாளின் விலைக்கும் ஒரே எடை தருவது சரியா என்று யோசிக்க வேண்டிவரும். ஏழு நாள் நகரும் சராசரி எழுதுவதற்கு விண்டோ ஃபங்ஷன் தேவைப்படும். இணையத்தில் இதற்கு ஆயத்த விடை கிடையாது. நீங்களாகவே முடிவெடுத்து, ஏன் அப்படி எடுத்தேன் என்று இரண்டு வரி எழுதி வைக்க வேண்டும்.

அந்த இரண்டு வரிகள்தான் விண்ணப்பத்தைத் தூக்கி நிறுத்துகின்றன. டைட்டானிக் திட்டப்பணி உள்ள பத்து பயோடேட்டாக்களுக்கு நடுவில், “விடுமுறை நாட்களை நீக்கினேன், ஏனெனில் அன்று சந்தை கூடவில்லை, விரலி, கிழங்கு இரண்டையும் பிரித்தேன், ஏனெனில் கலந்தால் விலை மாற்றம் தவறாகத் தெரிகிறது” என்று எழுதியிருப்பவரை நான் நேர்காணலுக்கு அழைக்காமல் விட்டதில்லை. தம் ஊரின் பொருளைப் பற்றிப் பேசுவதால் ஒருவழிக் காணொளியிலும் அவர் தடுமாறுவதில்லை. மஞ்சள் வேண்டாமென்றால் நாமக்கல் மண்டலத்தில் நாள்தோறும் அறிவிக்கப்படும் முட்டை விலையையோ, பவானிசாகர் அணையின் நீர்மட்டத்தையோ எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பொருள் என்பது முக்கியமில்லை. அதைப் பற்றித் தெரிந்த ஒருவர், வீட்டிலோ தெருவிலோ, உங்கள் விடையைப் பார்த்து “அப்படியெல்லாம் இருக்காதுங்க” என்று சொல்லும் நிலையில் இருக்க வேண்டும்.

இனி, வழியைத் தேர்ந்தெடுத்தபின் வரும் சிறிய முடிவுகள். தேர்வை எங்கே உட்கார்ந்து எழுதுவது என்பது அவற்றில் முதன்மையானது. கண்காணிப்புத் தேர்வில் கேமராவும் மைக்கும் திறந்தே இருக்கும், அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள், வேறு பக்கத்தைத் திறந்தால் குறித்துக்கொள்வார்கள். சோமனூரிலும் பல்லடத்திலும் வீட்டோடு தறிக்குடோன் இருப்பவர்களுக்கு இது உண்மையான சிக்கல். தறி ஓடும் சத்தத்தில் ஒருவழி நேர்காணலைப் பதிவு செய்ய முடியாது. உறவினர் வீட்டின் அமைதியான அறையை முன்கூட்டியே கேட்டு வைப்பது, எல்லோரும் நினைப்பது போலக் கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை. பிரௌசிங் சென்டரைத் தவிர்த்துவிடுங்கள்; பின்னால் ஒருவர் நடந்து போனாலே தேர்வு முறைகேடு என்று பதிவாகக்கூடும். நாள் குறிக்கும்முன் உங்கள் துணை மின்நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பாருங்கள். காலை ஒன்பது மணிக்குப் போகும் மின்சாரம் மாலையில்தான் வரும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் தேர்வு நாளைத் தேர்ந்தெடுக்கும்போது அதை நினைப்பவர் குறைவு. ரவுட்டருக்கு மட்டுமான சிறிய யு.பி.எஸ். ஒன்றை வாங்கி வைத்தால், தெருவில் திடீரென்று மின்சாரம் போனாலும் லேப்டாப் பேட்டரியில் தேர்வு தொடரும்.

பெயரைப் பதிவு செய்வதிலும் நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. முன்னெழுத்து மட்டும் உள்ள பெயரை, முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்கும் படிவத்தில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக நிரப்பினால், தேர்வின் தொடக்கத்தில் அடையாள அட்டையைக் காட்டும்போது பெயர் ஒத்துவராது. கடவுச்சீட்டில் எப்படி விரித்து எழுதப்பட்டிருக்கிறதோ, அதையே எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள்.

நேரக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கிழக்குப் பகுதி நிறுவனம் வெள்ளிக்கிழமை இரவு 11:59-க்குள் அனுப்பு என்றால், கோடையில் நமக்கு அது சனிக்கிழமை காலை 9:29. நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு, மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 10:29. ஐயம் இருந்தால் கோடைக் கணக்கையே எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. ஆள்சேர்ப்பு அலுவலர் வேலை நேரத்தைப் பற்றிக் கேட்கும்போது, எந்த மணி முதல் எந்த மணி வரை என்று இந்திய நேரத்தில் தெளிவாகச் சொல்லக் கூடியவருக்கு அந்த உரையாடலிலேயே நல்ல பெயர் கிடைக்கிறது.

கடிகாரத் தேர்வா, வீட்டில் வைத்துச் செய்யும் பணியா என்று சில நிறுவனங்கள் உங்களிடமே கேட்கும். ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்கத் தயங்குபவர்கள் வீட்டுப் பணியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. அவகாசம் இருப்பதால் விடையைச் சரிபார்க்கவும், விளக்கத்தை எளிய வாக்கியங்களில் எழுதவும் முடியும். ஆனால் அவர்கள் மூன்று மணி நேரப் பணி என்று குறித்திருந்தால் மூன்று நாள் செலவழித்து முப்பது பக்கம் அனுப்ப வேண்டாம். கேட்ட கேள்விக்கு விடை முதல் பத்தியில் இருக்க வேண்டும், எடுத்துக்கொண்ட அனுமானங்கள் அதற்கடுத்து. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா என்பதை விதிமுறையில் பார்த்து, அதில் இல்லையென்றால் எழுதிக் கேட்டுவிடுங்கள். அனுமதி இருந்தாலும், நேரடி உரையாடலில் ஒவ்வொரு வரியையும் ஏன் எழுதினீர்கள் என்று கேட்பார்கள். புரியாமல் ஒட்டிய வரி அங்கே நிற்காது.

பணம் கேட்கும் ஸ்கிரீனிங் எதுவும் ஸ்கிரீனிங் இல்லை. பதிவுக் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம், பயிற்சி வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வாட்ஸாப்பிலும் டெலிகிராமிலும் மட்டுமே நடக்கும் ஆள்சேர்ப்பை நம்ப வேண்டாம். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, தேர்ந்தெடுத்த வழி சரியாகப் போகிறதா என்பதை எப்படி அறிவது? சில விண்ணப்பங்கள் அனுப்பியபின், எந்தக் கட்டத்தில் நின்றுபோகிறீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். பயோடேட்டா கட்டத்திலேயே பதில் வராமல் போனால் உங்கள் திட்டப்பணி எல்லோருடையதையும் போல இருக்கிறது என்று பொருள். தனிப்படிப்பில் இருப்பவர் சந்தைத் தரவை எடுக்க வேண்டும், முடிந்தவர் உள்ளூர் வேலையில் ஆறு மாதமாவது சேர வேண்டும். தேர்வில் நேரம் போதாமல் போனால் எஸ்.கியூ.எல்லில் கைப்பழக்கம் குறைவு. அப்போது தினம் ஒரு மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதுவதே வழி, தனியாக அதைச் செய்ய முடியாது என்று தெரிந்தவர் அந்த நேரத்தில் மையத்துக்குப் பணம் கட்டலாம். நேரம் போதியும் விடை தவறினால், புதிய பாடம் எதையும் தொடங்காமல், எழுதிய பழைய விடைகளை எடுத்து வரிகளின் எண்ணிக்கையையும் மொத்தத்தையும் கையால் சரிபாருங்கள். காணொளியிலோ தொலைபேசியிலோ நின்றுபோகிறவர், மஞ்சள் விலையில் தாம் கண்டதை முதலில் வீட்டில் ஒருவருக்குத் தமிழில் சொல்லி, அவர் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லிவிட்டு, அதையே ஐந்தாறு சிறிய ஆங்கில வாக்கியங்களில் பதிவு செய்து கேட்டுப் பார்க்க வேண்டும்.